லிஸ்டு போடுகிறவர்

செவ்வாய்க்கிழமை காலையில் காரிமங்கலத்தில் வந்து இறங்குகிறவர்கள், மலைமேல் அருணேசுவரரைத் தரிசிக்க வந்தவர்களாயினும் சரி, தேங்காய் விற்க வந்தவர்களாயினும் சரி, வாரச்சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற காட்சியைச் சற்று நின்று பார்க்காமல் போவதில்லை. அந்த வித்தை அழிந்துவருவதாகச் சில நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். அழியவில்லை, பேரப்பிள்ளைகளிடம் வேறொரு ரூபத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை, என் தங்கை மகனுக்குக் கேம் விளையாடத்தக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக நான் அஜாக்கிரதையாக வாக்குக் கொடுத்துவிட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கையிருப்பு ஐம்பதாயிரம் ரூபாய், அதற்குமேல் ஒரு செப்புக்காசு கிடையாது என்று நான் கறாராகச் சொன்னதும், பையன் என்னைக் கடைக்கு அழைத்துப் போகவில்லை. "லிஸ்டு அண்ணனைக் கேக்காம வாங்கக் கூடாது மாமா" என்று பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போனான். அங்கே பெஞ்சின் ஓரத்தில், மூலைக்கு மூலை கீறல் விழுந்த செல்போனை ஒரு கையிலும், ஆறிப்போன டீயை மறு கையிலும் வைத்துக்கொண்டு, இருபத்தைந்து பிராயம் மதிக்கத்தக்க ஒருவர் வீற்றிருந்தார்.

லிஸ்டு போடுகிறவர் இன்று தாலுகாவுக்கு நாலு பேராவது இருப்பார்கள் என்பது என் அனுமானம். அவர் கடைக்காரர் அல்லர்; கமிஷன் வாங்குகிறவரும் அல்லர். பகலெல்லாம் தகப்பனாரின் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதிவிட்டு, சாயங்காலத்தில் ஊரார் பணத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்று யோசித்துக் கொடுக்கிற நிஷ்காம கர்மத்துக்கு அவர் பெற்றுக்கொள்ளும் தக்ஷிணை ஒரே ஒரு டீ. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் எந்தச் சாமான் இன்று என்ன விலை என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அவ்விரண்டு வீதிகளிலும் அவர் பணம் கொடுத்து ஒரு ஸ்குரூ வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

"எவ்வளவு சார் பட்ஜெட்?" என்றார். எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்கிற சம்பந்தியின் குரலில்கூட அத்தனை நிதானம் இருக்காது. சொன்னேன். மலைக்கோயில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பண்ணிடலாம்" என்று மண்டிச் சீட்டு ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பிராசசர்தான் பிரதானம் என்றும், கேம் ஆடுகிற கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டுதான் எஜமானன், மற்றவை எல்லாம் பரிவாரம் என்றும், ஆகையால் ஐம்பதில் இருபதை முதலிலேயே அதற்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் படியளக்க வேண்டும் என்றும் விளக்கினார். அடுத்த வரியில் '12100எஃப்' என்று ஒரு பிராசசர். "கடைசியில இருக்கிற 'எஃப்'பைப் பார்த்துக்கங்க சார். அதுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது. அதனால விலை கம்மி. கார்டு மாட்டலேன்னா ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியாது." 'அ' என்ற எழுத்து முன்னால் வந்து நின்று நியாயத்தை அநியாயமாக்குவதைக் கண்டிருக்கிறேன், பின்னால் வந்து நின்று வீட்டையே இருட்டாக்குகிற எழுத்தை அன்றுதான் கண்டேன்.

ராம் பதினாறு ஜி.பி. வேண்டுமாம், ஆனால் அதை ஒரே குச்சியாகப் போட்டால் பாதை ஒன்று சும்மா கிடக்குமாம், எட்டும் எட்டுமாக இரண்டு குச்சி மாட்டவேண்டுமாம். சந்தைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஒற்றை மாட்டை ஏரில் பூட்டாதே என்று சொன்னால் யாருக்குத்தான் புரியாது?

ஏ.எம்.டி.யா, என்விடியாவா என்று பேச்சு வந்தபோது, சுற்றியிருந்த இளைஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து குரலை உயர்த்தினார்கள். நமது ஆசாமி கையமர்த்தினார். என்விடியாவின் ஜென்சன் ஹுவாங்கும் ஏ.எம்.டி.யின் லிசா சூவும் தைவானில் பிறந்தவர்கள் என்றும், ஹுவாங்கின் தாயாரும் அம்மணியின் தாய்வழிப் பாட்டனாரும் உடன்பிறந்தவர்கள் என்றும் அவர் எடுத்துச் சொல்ல, நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அம்மணியின் தாயாருக்கு அவர் அத்தை மகன். நம்மூர்க் கணக்கில் அம்மணிக்குச் சித்தப்பா முறை. உலகத்துக் கிராபிக்ஸ் கார்டு வியாபாரத்தில் பெரும்பகுதி இப்படி ஒரு குடும்பத்து விவகாரமாக இருக்கையில், காரிமங்கலத்தில் நாலு பேர் தொண்டை வறளுவது அநாவசியம் என்று எனக்குப் பட்டது.

எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சாரப் பெட்டிக்கு வந்தபோது அவர் முகமே மாறிவிட்டது. கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கிற மலிவுப் பெட்டியின் மேல் 450 வாட் என்று அச்சடித்திருப்பதை நம்பிக் கெட்டவர்களின் கதைகளை, ஊர் பெயர் உட்பட, வரிசையாகச் சொன்னார். '80 பிளஸ்' என்ற முத்திரைகூடச் சுவரிலிருந்து இழுக்கிற மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போய்ச் சேர்கிறது என்பதற்குத்தானே ஒழிய, பெட்டியின் ஆயுளுக்கு அல்லவென்றும், தோட்டத்து மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் விளக்கு மங்கிப்போகிற ஊர்களில் இந்த ஒரு சாமானில் மட்டும் லோபித்தனம் கூடாதென்றும் அவர் செய்த உபந்நியாசத்தைக் கேட்டு டீ மாஸ்டரே ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

கூட்டிப் பார்த்தால் 49,800 ரூபாய். பரம திருப்தியோடு சீட்டை வாங்கிய பிறகுதான், "இதில் மானிட்டர் எங்கே?" என்று கேட்கத் தோன்றியது.

"வீட்ல டி.வி. இருக்குதில்ல சார்?"

சரி, வாங்கிவிடலாம் என்று நான் எழுந்தபோதுதான் இந்த வர்க்கத்தினரின் பிரதான லக்ஷணம் வெளிப்பட்டது. லிஸ்டு போடுகிறவர் வாங்க விடமாட்டார். "ரெண்டு மாசம் பொறுங்க சார்" என்றார். தீபாவளி வந்தால் ஆபர். ஜனவரியில் லாஸ் வேகாஸில் ஒரு கண்காட்சி. வைகாசி வாக்கில் தைபேயில் இன்னொன்று. புதுச் சரக்கு மேடை ஏறினால் பழைய சரக்கு விலை இறங்கும். திருவிழா நாட்காட்டி மாதிரி அவர் அவற்றை ஒப்பிக்க, நாங்களும் பொறுத்தோம். லிஸ்டு பதினோரு தடவை மாறியது. 2025-ஆம் வருஷக் கடைசியில், செயற்கை அறிவுக்காரர்களின் டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரியை எல்லாம் வாரிக்கொண்டு போக, எங்கள் சீட்டில் முதன்முதல் எழுதின ராம் விலை இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. கிராபிக்ஸ் கார்டுக்கென்று ஒதுக்கிய பணத்தை ராம் தின்றுவிட்டபடியால், செகண்ட்ஹாண்டு கார்டு தேடுவதென்று தீர்மானமாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஓசூர்ப் பக்கத்து வாலிபர் ஒருவர் ஆர்.எக்ஸ். 580 கார்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். விலை ஒன்பதாயிரம். நம்மவரோடு அவருடைய தாத்தாவும் வந்திருந்தார். ஐம்பது வருஷம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்துவிட்டு, இப்போது வெறுமனே பார்வையிட வருகிற பெரியவர்.

பேரன் கார்டை வெளிச்சத்தில் திருப்பினார். விசிறியை விரலால் சுற்றிவிட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்டார். ஸ்குரூத் தலைகளில் திருப்புளி பட்ட கீறல் உண்டா என்று நகத்தால் தடவினார். விளிம்பில் எண்ணெய் கசிந்த பிசுக்கை முகர்ந்து பார்த்து, "மைனிங்ல ஓடினது" என்றார். கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக ராப்பகலாக ஓட்டப்பட்டு, 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்கிற நாணயம் இந்தத் தோண்டும் முறையையே கைவிட்டதும் வேலையற்றுப்போய் சந்தைக்கு வந்த லட்சக்கணக்கான கார்டுகளில் அதுவும் ஒன்று போலும்.

கிழவர் பேரனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு வயசு கேட்பதுபோல், "எத்தன பல்லு?" என்றார்.

"கடை சேந்துடுச்சு தாத்தா."

அவ்வளவுதான். கிழவர் தோள் துண்டை எடுத்து வலக்கையில் போர்த்திக்கொண்டு ஓசூர் வாலிபரை நோக்கி நீட்டினார். அவரோ, பெரியவர் மரியாதைக்குக் கைகுலுக்க வருகிறார் என்று எண்ணி, துண்டுக்குள் கையை விட்டு ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தமாகக் குலுக்கினார். "அஞ்சு சொல்லிட்டான். முடி!" என்று கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாஷை தெரியாமல் கை கொடுத்த அந்தப் பிள்ளைக்கு நிலைமையை விளக்கி, ஆறாயிரத்து ஐந்நூறில் சமாதானம் செய்வதற்குள் இரண்டு பஸ்கள் போய்விட்டன.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லிஸ்டு அண்ணன் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தார். டி.வி.யில் முதல் எழுத்துகள் தெரிந்ததும், பையன் கேம் போடுவதற்குக்கூட நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வரலாமென்று மண்டிக்குப் போனேன். தேங்காய் மூட்டைகளின் மேல், பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு, 2002-இல் வெளியான 'வைஸ் சிட்டி' ஆடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடியைச் சாத்திவிட்டு, "சும்மா செக் பண்ணேன் சார்" என்றார். உங்களுக்கென்று ஒன்று கட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். வெட்கத்தோடு பர்ஸிலிருந்து எட்டாய் மடித்த மண்டிச் சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். முன்பக்கம், 1,200 காய், 2019. பின்பக்கம், ஜி.டி.எக்ஸ். 1650 என்று எழுதி அடித்திருந்தது. அதன்மேல் 3060, அதுவும் அடித்தல். அதன்மேல் 4060, அடித்தல். ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் 5060 என்று பொடி எழுத்தில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.