புழுவும் புண்ணியமும்

கேள்வி: வயிற்றில் புழு இருந்தால் குடல் அழற்சி வராதாமே! பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: குடிவந்த இடத்தில் சண்டை வந்தால் புழுவுக்குப் பிழைப்பு போய்விடும். அதனால் அது, ஒழுங்குபடுத்தும் டி செல்களைத் தூண்டி, நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சாந்தப்படுத்துகிறது. இதை நம்பி, அமெரிக்காவின் அயோவாவில் ஜோயல் வெயின்ஸ்டாக் குழு, கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பன்றிச் சாட்டைப்புழுவின் 2,500 முட்டைகளைக் குடிக்கக் கொடுத்தது. 2005இல் வெளியான முடிவில் பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் 2013இல் பெரிய சோதனை நடந்தபோது, வெற்று மருந்தை முட்டைகளால் முந்த முடியவில்லை. பிள்ளைகள் வயிற்றில் குடியேறும் கொக்கிப்புழுவோ வாடகை தராததோடு ரத்தத்தையும் உறிஞ்சிச் சோகையைத் தரும். அதனால் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரையைப் பிள்ளை நன்றாக மென்று விழுங்கட்டும்!