மேலிடத்தின் முழு ஆதரவு

திட்ட மேலாண்மை முறைகளுக்கு மேலிடத்தின் ஆதரவு கிடைப்பதில்லை என்று அழுகிறவர்கள் ஒருமுறை பிரிட்டனைப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே ஆதரவு பொங்கி வழிந்தது. உலகெங்கும் மேலாளர்கள் காசு கட்டிப் பரீட்சை எழுதும் 'பிரின்ஸ்2' முறையை 1996-இல் வெளியிட்டதே அந்த நாட்டு அரசுதான். விதிகள் தங்கமானவை. போட்ட காசுக்குப் பலன் உண்டா என்று கட்டத்துக்குக் கட்டம் கேள், இல்லையென்றால் நிறுத்து. மேலே ஒருவர் பொறுப்பேற்கட்டும். பழைய பாடத்தை மறக்காதே.

விதி எழுதிய அரசு 2010-இல் 'யூனிவர்சல் கிரெடிட்'டை அறிவித்தது. ஏழைகளுக்கான ஆறு உதவித்தொகைகளை ஒன்றாக்கும் திட்டம். 2017 அக்டோபருக்குள் முடிந்துவிடும் என்றார்கள். புதிய வழிமுறையும் வேண்டுமே? 'அஜைல்' வந்தது. சின்னச் சின்னதாகச் செய்து, பார்த்து, திருத்திக்கொண்டே போகிற முறை அது. ஆனால் ஒப்பந்தங்கள் பழைய பாணி, ஒப்புதல் வாங்கும் படிக்கட்டும் பழைய பாணி. திட்டம் எப்படி இயங்கும் என்ற முழு வரைவு தயாராவதற்கு முன்பே தேதி மட்டும் தயார். முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு மாப்பிள்ளை தேடினார்கள்.

2013 செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை வைத்தது. 2012 நடுப்பகுதியிலிருந்து ஐந்து மூத்த பொறுப்பதிகாரிகள்! (இடையில் தலைமையில் இருந்த ஒருவர் காலமானார், அதற்கு யாரையும் குறை சொல்லக் கூடாது. மீதிக்குச் சொல்லலாம்.) பயன்படாமல் போன கணினி வேலைக்காக 3.4 கோடி பவுண்டு கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. உள்ளே நல்ல செய்தி மட்டுமே மேலே ஏறும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. கெட்ட செய்தியை மேலே கொண்டுபோவதற்குத்தானே இத்தனை படிவமும் வாரியமும் கூட்டமும்? மேலிடம் படிவத்தை ஆதரித்தது. அதில் எழுதப்படும் உண்மையை ஆதரிக்கவில்லை.

அந்த 2013-லேயே அரசு இன்னொரு காரியமும் செய்தது. பிரின்ஸ்2-ஐத் தனியாரோடு சேர்ந்து நடத்த ஒரு கூட்டு நிறுவனம் அமைத்து, 51 சதவீதப் பங்கை கேப்பிட்டா என்ற தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2021-இல் மிச்சத்தையும் விற்றுவிட்டது. வீட்டில் யாரும் தொடாத பண்டத்துக்குச் சந்தையில் நல்ல விலை.

முறையைக் கறாராகக் கடைப்பிடித்த இடம் ஒன்று உண்டு. அது கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தவர் முதல் பணத்துக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018-இல் அது ஐந்து வாரமாயிற்று. அதுவரை அடுப்பெரிய முன்பணம் கேட்டால் கடனாகத் தருவார்கள், பிறகு மாதாமாதம் பிடிப்பார்கள். வேலைவாய்ப்பு மையத்தில் சொன்ன நேரத்துக்கு ஆள் வரவில்லையா? தக்க காரணம் காட்டு, இல்லையென்றால் தொகையில் வெட்டு. ஒரு காலைச் சந்திப்பைத் தவறவிட்ட ஏழைக்குத் தண்டனை உண்டு. 2017-ஐத் தவறவிட்டு, பழைய பயனாளிகளை மாற்றும் வேலையை 2020-களிலும் இழுத்துக்கொண்டிருந்த மேலிடத்துக்கு 'திருத்திய கால அட்டவணை' உண்டு. காலக்கெடு என்பது கீழே இருப்பவனுக்கு மட்டும் சட்டமாம்!

இத்திட்டத்தைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடிய அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் 2016 வரை அதே பதவியில் இருந்தார். விலகியதும் வேறொரு சண்டைக்காக. 2020 புத்தாண்டுப் பட்டியலில் அவருக்கு 'சர்' பட்டம் அறிவிக்கப்பட்டது.