எலி கடித்துச் செத்தவன்

கூடத்தில் உட்கார்ந்து "செத்தேன்!" என்று கத்தினால் எங்கள் வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தொடக்கத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். இப்போது உள்ளே இருந்தபடியே விசாரிப்பார்.

"இன்னிக்கு எதுனால?"

"எலி கடிச்சிடுச்சும்மா."

"சரி, சாப்பிட வா."

கைபேசியில் 'ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன்' ஆடுகிறவன் வீட்டில் இழவு இவ்வளவு மலிவு. சாக்கடையில் இறங்கி, சிறை, குகை, குள்ளர் நகரம், பேய்க் கூடம் என்று அடுக்கடுக்காகக் கீழே போனால் 26-வது தளத்தில் யெண்டோர் தாயத்து கிடைக்கும். கிடைக்கும் என்று சொல்கிறார்கள். முதல் தளத்து எலியே பலரை வழியனுப்பிவிடும். செத்தால் கத்தி, கவசம், சேர்த்த பொன் எல்லாம் போச்சு. மறுபடி ஆரம்பித்தால் பாதாளமே வேறாக இருக்கும். போன தடவை உயிர் காத்த சிவப்பு மருந்து, இந்தத் தடவை உடம்பில் தீ வைக்கும்.

இந்தக் கொடுமைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் மைக்கேல் டாயும் கிளென் விச்மனும். கலிபோர்னியாவில், சாந்தா குரூஸ் பல்கலைக்கழக மாணவர்கள். ஆக்கியவனுக்கே அடுத்த அறையில் என்ன இருக்கிறதென்று தெரியக்கூடாது என்பது அவர்கள் ஆசை. 1980 வாக்கில் 'ரோக்' பிறந்தது. அதில் படமே கிடையாது. மின்னஞ்சல் முகவரியின் நடுவே வருமே, அந்தச் சுழிதான் கதாநாயகன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள்தான் அரக்கர்கள். சேமித்த ஆட்டத்தைத் திறந்த கையோடு கோப்பை அழித்துவிடும். தோற்றால் பழைய இடத்துக்குத் திரும்பி ஏமாற்ற வழியில்லை.

1987-இல் வந்த 'நெட்ஹேக்' இன்னும் குசும்பு. காக்கட்ரைஸ் என்றொரு பிராணி. வெறுங்கையால் தொட்டால் கல்லாகிவிடுவீர்கள். கையுறை மாட்டி அதன் பிணத்தைத் தூக்கினால் எதிரிகளை அடித்துக் கல்லாக்கலாம். ஆனால் கண்டதையும் மூட்டையில் திணித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினால் கால் இடறும். பிணத்தின் மேலேயே விழுந்து நீங்களே சிலையாவீர்கள். பேராசைக்கு இப்படியொரு தண்டனையை எந்த நீதிநூலும் யோசிக்கவில்லை.

2012-இல் ஓலெக் டோல்யா 'பிக்சல் டஞ்சன்' மூலம் இந்த வகையைக் கைபேசிக்குள் அழகாக அடக்கினார். அதன் நிரலை எடுத்து எவான் டெபன்ஹாம் 2014-இல் வளர்க்கத் தொடங்கியதே நான் ஆடுவது. கைபேசிக்கு இது பொருந்துவதற்குக் காரணம் ஒன்றுதான்: நீங்கள் அசையும்வரை யாரும் அசைய மாட்டார்கள். கழுதைப்புலி முகத்து நோல் ஒருவன் ஆயுதத்தை ஓங்கும்போது கண்டக்டர் சில்லறை கேட்கட்டும். டிக்கெட் வாங்கி, இறங்கி, கத்தரிக்காய் பேரம் பேசி வீட்டுக்கு வந்து பார்த்தால், ஓங்கியது ஓங்கியபடி நிற்பான். என் சௌகரியத்துக்காக இவ்வளவு பொறுமை காட்டும் ஜீவனை நான் வெளியுலகில் பார்த்ததில்லை.

வீரனுக்குப் பசியும் உண்டு. கவனிக்காவிட்டால் பட்டினியில் உயிர் தேயும். "அவனுக்கு நேரத்துக்குச் சோறு போடறே, நீ சாப்பிட்டியா?" என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பேர் தெரியாத மருந்தைத் தண்ணீரில் நின்றபடி குடியுங்கள்; தீப்பிடித்தாலும் அணைந்துவிடும். பெட்டியைக் கண்டதும் திறக்காதீர்கள். சில பெட்டிகளுக்குப் பல் இருக்கிறது. எதிரி காத்திருக்கிறான், விரல்தான் காத்திருப்பதில்லை. இந்தப் பாதாளத்தில் எலியைவிட அவசரம் கொன்றவர்களே அதிகம்.