பச்சை மையும் பாட்டு சிடியும்

கேள்வி: போனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே 'என்ஹான்ஸர்' என்ற பெட்டியை மாட்டியதும் பாட்டு பளிச்சென்று கேட்கிறது. நிஜமா, பிரமையா?

பதில்: பளிச்சென்று கேட்பது நிஜம்தான். தரம் கூடியதா என்பது தனி வழக்கு.

பட்டனை அழுத்தியதும் பெரும்பாலும் சத்தமும் ஒரு சிட்டிகை ஏறிவிடும். காது ஏமாறும் இடமே அதுதான். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவது தடவை மட்டும் லேசாகச் சத்தம் கூட்டிவைத்தால், "சத்தம் ஜாஸ்தி" என்று யாரும் சொல்வதில்லை. "இதுதாங்க தெளிவா இருக்கு" என்பார்கள். சத்தம் குறையும்போது கனத்த ஒலிகள்தான் காதுக்கு முதலில் கரைகின்றன என்பதை 1933-லேயே பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். பழைய செட்டுகளில் இருந்த 'லவுட்னஸ்' பட்டன் அந்தக் கணக்கில் பிறந்ததுதான். ஈக்வலைஸரில் இரு ஓரத்தையும் ஏற்றி, நடுவை இறக்கி, சிரித்த வாய் மாதிரி வைப்பவர்கள் உண்டு. பேஸ் அதிரும், ஜால்ரா மின்னும், பாடகர் மட்டும் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார்.

கேள்வி: பதிவில் இல்லாத நுணுக்கத்தைக்கூட மீட்டுத் தரும் என்கிறதே விளம்பரம்?

பதில்: மீட்டுத் தராது, புதிதாகச் செய்து தரும். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் ஏஃபெக்ஸ் ஆரல் எக்ஸைட்டர் என்றொரு பெட்டி வந்தது. ஆரம்பத்தில் விலைக்குக் கிடையாது, ஸ்டுடியோக்களுக்கு வாடகைக்கு மட்டும். பாட்டின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 30 டாலர்! வாடகை சைக்கிள்காரர்களுக்குக்கூட இந்தத் துணிச்சல் வந்ததில்லை. மேல் ஸ்தாயி ஒலிகளை எடுத்து, அவற்றிலிருந்து புது ஹார்மானிக்ஸ் கிளப்பி, துளி கலந்துவிடும். கறாராகச் சொன்னால் அது ஒருவகை ஒலிச்சிதைவு. ஆனால் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் போல அளவோடு இருந்தால் ருசிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஊறுகாயை ஒலிப்பதிவாளர் ஏற்கெனவே வைத்துவிட்டார். வீட்டுப் பெட்டி அதன்மேல் இன்னொரு கரண்டி போடுகிறது. குறைந்த பிட்ரேட் எம்பி3-யில் வெட்டப்பட்ட உச்ச ஒலிகளை 'மீட்பதும்' குத்துமதிப்புதான்.

கேள்வி: அப்போ எல்லாமே டூப்பா?

பதில்: ரே டால்பி கோபித்துக்கொள்வார். 1965-ல் லண்டனில் கம்பெனி தொடங்கியவர், 1968-ல் வீட்டு டேப்புகளுக்கு 'டால்பி பி'-யைக் கொண்டுவந்தார். மெல்லிய உச்ச ஒலிகளைப் பதியும்போதே தூக்கிவிட்டு, கேட்கும்போது அதே அளவு இறக்குவது. கூடவே கேசட்டின் 'உஸ்ஸ்'ஸும் சுமார் 10 டெசிபல் இறங்கிவிடும். பதிவிலேயே ஏற்பாடு இருந்ததால்தான் அது பலித்தது. அந்த ஏற்பாடு இல்லாமல் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்டுக்கு டால்பி பட்டனை அழுத்தியவர்களுக்குப் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்டிருக்கும்.

கேள்வி: விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேபிள்?

பதில்: 7,250 டாலர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்தறிந்தால் பத்து லட்சம் டாலர் தருவதாக 2007-ல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். கேபிள் கம்பெனி பின்வாங்கியது, சோதனை நடக்கவேயில்லை. அதே ஆண்டு மேயர், மோரான் என்ற இரு ஆய்வாளர்கள் உயர்தர டிஸ்க்குகளின் ஒலியை அப்படியே ஒரு முறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒரு முறையும் போட்டுக் காட்டினார்கள். எது எதுவென்று 554 முறையில் சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டிருந்தாலும் இதே மார்க்தான். சிடியின் விளிம்பில் பச்சை மை பூசினால் இனிமை கூடும் என்றுகூட ஒரு காலத்தில் நம்பினார்கள். லாபம் பேனாக் கடைக்கு.

கேள்வி: கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. பெட்டி வாங்கலாமா?

பதில்: முதலில் ஸ்பீக்கரை பீரோ தலையிலிருந்து இறக்கி, மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, காது உயரத்துக்கு வைத்துப் பாருங்கள். மூலையில் குமுறும் பேஸ் அடங்கும், செலவில்லை. வெற்றுச் சுவரில் கனத்த திரை தொங்கவிட்டால் எதிரொலியும் குறையும்.

அப்படியும் ஆசை விடவில்லையா? கடைக்கு நண்பரோடு போங்கள். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். நீங்கள் திரும்பி நில்லுங்கள், பட்டனை அவர் அழுத்தட்டும். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்கலாம். நண்பர் அந்தக் கடையில் கமிஷன் வாங்குகிறவரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.