டைஃபி மகாராஜா சரித்திரம்

பாபர் மகன் ஹுமாயூன், ஹுமாயூன் மகன் அக்பர் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தோம். டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைஃபியின் வம்சத்தைப் பற்றி எந்த வாத்தியாரும் வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் முகலாயர் போய்விட்டார்கள், இந்த வம்சம் இன்னும் ஆட்சியில் இருக்கிறது. பெங்களூர் ஜீவனஹள்ளியானாலும் சரி, மயிலாப்பூரானாலும் சரி, ஒருவர் மலத்திலிருந்து புறப்பட்டு, சாக்கடைக் குழாயோடு உறவு கொண்டாடும் குடிநீர்க் குழாயில் ஏறி, பானிபூரித் தண்ணீர் வழியாக இன்னொருவர் வாய்க்குள் எழுந்தருளுவதுதான் மகாராஜாவின் ராஜபாட்டை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.

1948 வரை அவரை அடக்கும் மருந்தே கிடையாது. மூன்று நான்கு வாரக் காய்ச்சல், கஞ்சி, பத்தியம், வேண்டுதல். குடலில் ஓட்டை விழாமல் எழுந்தால் முன்னோர் செய்த புண்ணியம். அந்த வருஷம் அமெரிக்க டாக்டர்கள் சிலர் குளோராம்ஃபெனிகால் என்ற புது மருந்தோடு கோலாலம்பூர் போனார்கள். வெனிசுவேலா மண்ணில் அகப்பட்ட நுண்ணுயிர் தந்த மருந்து. அவர்கள் போனது உண்ணிக்காய்ச்சலைப் பார்க்க. உண்ணிக்காய்ச்சல் என்று நம்பி மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்ததோ டைபாய்டு. பார்த்தால், காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது! வியாதியைத் தப்பாகக் கணித்ததற்காக உலகமே கையெடுத்துக் கும்பிட்டது அநேகமாக அப்போதுதான்.

அப்புறம் நாம் சும்மா இருப்போமா?

"அண்ணா, ஜொரத்துக்கு ஆன்டிபயாட்டிக் ரெண்டு குடுங்க."

"அஞ்சு நாளாவது சாப்பிடணும்மா."

"ரெண்டு போதும்ணா, நாளைக்கு வேலைக்குப் போணும்."

கத்தரிக்கோல் அட்டையைக் குறுக்கே வெட்டும். மருந்தின் பேரும் தேதியும் உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடும். பேரில்லாத ரெண்டு மாத்திரை வீட்டுக்கு வரும். ஒன்றைப் போட்டதும் உடம்பு லேசானால், இன்னொன்று சாமி படத்துக்குப் பின்னால் அடுத்த காய்ச்சலுக்காகத் தவமிருக்கும்.

மகாராஜா இதையெல்லாம் படித்துத் தேறினார் என்று நினைக்க வேண்டாம். கோடிக்கணக்கில் பெருகும்போது ஒன்றிரண்டு கோணலாகப் பிறக்கும். மருந்து வந்து மற்றவற்றைக் கொன்றுவிட்டு, அந்தக் கோணல் வாரிசுக்கு மொத்த வயிற்றையும் பட்டா போட்டுக் கொடுத்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் ஈ.கோலை, மருந்தை முறிக்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் வைத்து அடுத்த கிருமிக்குக் கைமாற்றும். ஜாதகம் பார்ப்பதில்லை, சாதி கேட்பதில்லை. சீர்திருத்தத் திருமணத்தில் கிருமிகள் நமக்கு ரொம்ப முன்னாடி.

1972-இல் கேரளத்தில் இது அம்பலமானது. குளோராம்ஃபெனிகாலுக்கு மசியாத, அந்த வித்தையை மற்றவர்க்கும் தானம் செய்கிற டைஃபியைப் பற்றி ஆய்வாளர்கள் பணிக்கரும் விமலாவும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே வருஷம் மெக்சிகோவில் இதே மாதிரி மசியாத டைஃபியால் பத்தாயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். 1980-களின் கடைசியில் ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல் இரண்டும் கூடவே கவிழ்ந்தன. சிப்ரோஃப்ளாக்சசின் பட்டத்துக்கு வந்தது. தும்மினாலும் சிப்ரோ, இருமினாலும் சிப்ரோ என்று விழுங்கி அதையும் ஒழித்துக்கட்டினோம்.

கோழியை இதில் இழுக்காதீர்கள். டைஃபிக்கு மனிதன்தான் பிடிக்கும். கோழி வழியில் வருகிறவர்கள் அவருடைய பங்காளிகள், மற்ற சால்மோனெல்லாக்கள். அவர்களுக்கும் நாம் குறை வைக்கவில்லை. ஐசியூவில் கடைசி அஸ்திரமாக வைத்திருந்த கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்து கோழியைக் கொழுக்க வைத்தோம். மத்திய அரசு தடை போட்டது 2019 ஜூலையில்.

இதில் பெரிய கூத்து: குளோராம்ஃபெனிகாலை எல்லோரும் மறந்துபோனதால், இப்போது இந்தியாவில் பிடிபடும் டைஃபியில் பெரும்பாலானவை மறுபடி அதற்கு மடிகின்றன. பென்ஷனில் போன தளபதிக்குத் திரும்பக் கத்தி கிடைத்திருக்கிறது. மெடிக்கல் வாசற்படியில் நின்று அதையும் ரெண்டு ரெண்டாகக் கேட்டுவிடாதீர்கள்.

2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்துக்கும் அடங்காத டைஃபி கிளம்பியது. அதுவும் பிளாஸ்மிட் தந்த வரம்தான். வாயால் விழுங்குவதில் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றே. 2019-இல் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்ட தடுப்பூசி எங்கே தயாரானது தெரியுமா? நம்ம ஹைதராபாத்தில், பாரத் பயோடெக்கில். விசா கிடைக்காத ஊருக்கு ஊசி போய்ச் சேர்ந்தது. 6 மாதக் குழந்தை முதல் பெரியவர்கள் வரை போடலாம், ஒரே ஊசி; அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேட்டுப் பாருங்கள்.