உள்ளூரில் ஆடாத உள்ளூர்க்காரர்

கேள்வி: சொந்த நாட்டு முதல் டிவிஷனில் ஒரு மேட்ச்கூட ஆடாமல் தேசிய அணியின் கோல் சாதனையை முறியடிக்க முடியுமா?

பதில்: போர்ச்சுகலின் பாலெட்டாவால் முடிந்தது. அட்லாண்டிக் நடுவே உள்ள அசோரஸ் தீவுக்காரர். எஸ்டோரில் அணிக்காக இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தவரை லிஸ்பன், போர்ட்டோவின் பெரிய கிளப்புகள் கண்டுகொள்ளவில்லை. 1996-ல் ஸ்பெயினின் சலமாங்கா கொத்திக்கொண்டு போனது. 2000-ல் டெபோர்ட்டிவோவோடு ஸ்பானிஷ் லீக் பட்டம். அடுத்து பிரான்ஸ்: போர்தோ, பிறகு பாரீஸ் செயின்ட் ஜெர்மெய்ன். பாரீசுக்கு 109 கோல்கள்! இப்ராஹிமோவிச் 2015-ல் தாண்டும்வரை அதுதான் கிளப் சாதனை. கத்தார் பணம் வருவதற்கு முந்தைய, தடுமாறிக்கொண்டிருந்த பாரீஸ் அணி அது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

2002 உலகக் கோப்பையில் போலந்துக்கு எதிராக ஹாட்ரிக். 2005-ல் தேசிய அணிக்காக யூசேபியோ வைத்திருந்த 41 கோல் சாதனையைத் தாண்டினார், மொத்தம் 47. பின்னாளில் அதையும் தாண்டியவர் யார் என்று ஊருக்கே தெரியும்; அதைச் சொன்னால் என் சம்பளத்தைப் பிடிப்பார்கள்.

கோல் அடித்தால் இரு கைகளையும் விரித்துப் பருந்துபோல் ஓடுவார். ஒரே குறை, 2004 யூரோ கோப்பை போர்ச்சுகலிலேயே நடந்தது. அதில் பருந்து ஒருமுறைகூடச் சிறகு விரிக்கவில்லை. வெளியூர்ச் சாப்பாடே பழகிவிட்டதோ, என்னவோ!