ஆலன் கீ அண்ணா

ஞாயிறு விடிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் கூட்டம் பறந்துகொண்டிருக்கும்போது, ஒரு வண்டி மட்டும் ஓரமாக நிற்கும். பஞ்சர் இல்லை, செயினும் கழலவில்லை. பக்கத்தில் ஆலன் கீயோடு குந்தியிருப்பவர் சீட்டை இரண்டு மில்லிமீட்டர் இறக்கிக்கொண்டிருக்கிறார். ரோடு பைக் ஓட்டும் எந்தக் கூட்டத்திலும் இப்படி ஓர் ஆலன் கீ அண்ணா உண்டு.

கடைக்காரர் வைத்துக் கொடுத்த உயரத்தில் அண்ணா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கல்யாண ஆல்பத்தைத் தொடையிடுக்கில் இறுக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று, வீட்டம்மாவை டேப் பிடிக்கச் சொல்லிக் கால் அளவெடுத்தார். 82 சென்டிமீட்டர். அதை 0.883 ஆல் பெருக்கினால் 72.4. கிராங்க் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை அவ்வளவு உயரம் வேண்டும். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. நாமாக இருந்தால் அதோடு ஏறி மிதித்திருப்போம். அண்ணாவுக்குச் சந்தேகமே அங்கேதான் பிறக்கும். ஷூவின் அடி கனத்தைச் சேர்த்தோமா? ஷார்ட்ஸில் தைத்த மெத்தை துவைக்கத் துவைக்கச் சப்பையாகிறதே, அதற்கு எவ்வளவு கழிப்பது?

உயரம் முடிந்தால் முன்பின். மேஸ்திரியிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டை முழங்காலிலிருந்து தொங்கவிட்டு, பெடல் அச்சுக்கு நேராக விழுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் சாய்வு. அதற்கு அதே மேஸ்திரியின் ரசமட்டம். அந்த வாரம் எழும்பிய சுவரின் கதி என்னவோ!

கேலி செய்தால் சைக்கிள் பந்தய ஜாம்பவான் மெர்க்ஸைத் துணைக்கு அழைப்பார். “1969ல கீழ விழுந்து இடுப்புல அடிபட்டதுக்கப்புறம், மெர்க்ஸ் ரேஸ் நடுவுலயே சீட்டை ஏத்தி எறக்குவாரு, தெரியுமா தம்பி?” உண்மைதான். ஆனால் மெர்க்ஸ் அதற்குப் பிறகும் நான்கு முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். அண்ணா இன்னும் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டவில்லை.

அடுத்தவர் வண்டி என்றால் மட்டும் ஒரே பார்வை. “முட்டிக்கு முன்னால வலிக்குதா? சீட்டைக் கொஞ்சம் ஏத்து. பின்னால இழுக்குதா? எறக்கு. மிதிக்கும்போது இடுப்பு ஆடுதா? உயரம் ஜாஸ்தி.” பெரும்பாலும் அப்படியே பலிக்கும். ஊரார் முட்டியெல்லாம் பிழைத்தது இவரால்தான்.

எனவே புதிதாக ரோடு பைக் வாங்கியவர்கள் அண்ணாவிடம் அவசியம் ஒரு வார்த்தை கேளுங்கள். சொன்னபடி சீட்டை வைத்து, போல்டை முடுக்கி, உடனே கிளம்பிவிடுங்கள். இரண்டாவது பார்வை பார்க்க மட்டும் விட்டுவிடாதீர்கள்.